வட்டாரத்தில் மது கிடைக்கும் எளிமையும் சிறார் குடிப்பழக்கமும்: தொடர்பை ஆராய்வதற்கு ஒரு வழிகாட்டி

மதுக்கடைகள் பெருகினால் பிள்ளைகள் குடிப்பதும் பெருகுமா என்று கேட்டால், பெற்றோர் கூட்டங்களில் இரண்டு விடைகள் உடனே வந்துவிடும். பெருகும், இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது ஒன்று. குடிக்க நினைக்கும் பிள்ளை எங்கிருந்தாவது வாங்கிக் குடித்துவிடும், கடையைக் குறை சொல்லிப் பயனில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன. பத்து முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளில் கடைக்குத் தாமே சென்று பணம் கொடுத்து வாங்குபவர்கள் சிலரே. ஆகையால் கடைகளை எண்ணி முடிப்பதோடு வேலை முடிவதில்லை. கடையில் விற்கப்பட்ட மது யார் யார் கை மாறி அந்தப் பிள்ளையின் கைக்கு வந்து சேர்கிறது என்பதைத் தேடுவதுதான் உண்மையான ஆய்வு. தங்கள் பகுதியில் அதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள், பெற்றோர் சங்கங்கள், குடியிருப்போர் அமைப்புகள், உள்ளாட்சி உறுப்பினர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது.

இந்த வயதினரைத் தனியாகப் பார்க்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. 1997-இல் அமெரிக்காவில் வெளியான, பெரிய அளவிலான தேசியக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு ஒன்று, 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தனர் என்றும், 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களிடம் இது ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்தது என்றும் கண்டறிந்தது. சீக்கிரம் தொடங்கியதுதான் முழுக் காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. பரம்பரைக் கூறுகளும் குடும்பச் சூழலும் சீக்கிரம் தொடங்குவதற்கும் பின்னாளில் அடிமையாவதற்கும் ஒருசேரக் காரணமாகியிருக்கலாம். இருந்தாலும், தொடக்கத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதால் யாருக்கும் இழப்பில்லை.

கேள்வியைக் குறுக்கிக்கொள்ளுதல்

முதல் வேலை, எந்தக் குடியைப் பற்றி ஆராயப்போகிறோம் என்பதை முடிவு செய்வது. வீட்டு விழாவில் பெரியவர் கொடுத்த ஒரு மிடறு, நண்பர்களோடு அருந்திய முழுக் குவளை, கடந்த 30 நாட்களில் குடித்த நாட்கள், போதை தலைக்கேறும் அளவுக்குக் குடித்தது ஆகிய நான்கும் வெவ்வேறு நிகழ்வுகள். இவற்றுக்கான காரணங்களும் வெவ்வேறாக இருக்கலாம். இவற்றையெல்லாம் ‘குடித்ததுண்டா?’ என்ற ஒரே கேள்விக்குள் அடைத்தால் வரும் எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்த உதவும் பள்ளி மாணவர் உடல்நலக் கணக்கெடுப்பில் சில மிடறுகள் மட்டும் அருந்தியதைக் குடித்த கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த வழக்கத்தைப் பின்பற்றினால் உங்கள் எண்களைப் பிற இடங்களின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்கும்.

கடைகளைப் பட்டியலிடுதல்

உரிமம் வழங்கும் அலுவலகத்தின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். மூடப்பட்ட கடை பட்டியலில் நீடிப்பதும், உரிமமே இல்லாமல் விற்கும் இடம் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் போவதும் சாதாரணமாக நடப்பவை. இரண்டு பேர் சேர்ந்து தெருத்தெருவாக நடந்து, ஒவ்வோர் இடத்தையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அது திறக்கும் நேரம், மூடும் நேரம், வாசலில் உள்ள விளம்பரம், வயது வரம்பு பற்றிய அறிவிப்பு இருக்கிறதா என்பது ஆகியவற்றையும் எழுதிக்கொள்வது நல்லது. உரிமமின்றி விற்கும் இடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டால் அங்கே நேரில் போய் விசாரிக்க வேண்டாம். அது ஆபத்தான வேலை, ஆய்வு செய்பவரின் வேலையும் அன்று. அப்படி ஓர் இடம் இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்ற குறிப்பே போதுமானது.

வாங்கி எடுத்துச் செல்லும் கடைகளையும் அமர்ந்து குடிக்கும் கூடங்களையும் கட்டாயம் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் 15 வயதினரை வைத்து நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், எடுத்துச் செல்லும் கடையிலிருந்து 200 மீட்டருக்குள் வசித்த பிள்ளைகள் அடிக்கடி குடிப்பவர்களாக இருக்கும் வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது. அமர்ந்து குடிக்கும் கூடங்களின் அருகாமைக்கும் இதே தொடர்பு இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. இரண்டு வகையையும் ஒன்றாகக் கூட்டினால் ஒன்றின் விளைவை மற்றொன்று மறைத்துவிடலாம். இணையம் வழியாகவும் தொலைபேசி வழியாகவும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வசதி உங்கள் பகுதியில் உண்டென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்ட இயலாது. ஒவ்வொரு வீட்டு வாசலும் கடை வாசலாகிவிடுவதால், தூரம் என்ற அளவுகோலையே அது செல்லாததாக்கிவிடுகிறது.

தூரமும் அடர்த்தியும்

வரைபடத்தில் நேர்க்கோடு போட்டுத் தூரத்தை அளப்பது எளிது, ஆனால் பிள்ளைகள் நேர்க்கோட்டில் நடப்பதில்லை. இடையில் ஒரு ரயில் பாதையோ வாய்க்காலோ குறுக்கிட்டால் 400 மீட்டரில் தெரியும் கடைக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியிருக்கும். நடந்து செல்லும் வழியைக் கொண்டே அளவிடுங்கள். வீட்டிலிருந்து உள்ள தூரத்தை மட்டும் பார்க்காமல், பள்ளிக்குப் போய்வரும் பாதை, விளையாட்டுத் திடல், மாலை வகுப்பு, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு பிள்ளையின் நாளில் மது எத்தனை முறை கண்ணில் படுகிறது என்பது தெரியவரும். பள்ளி விடும் நேரத்தில் பூட்டிக் கிடக்கும் கடையும் அப்போது திறந்திருக்கும் கடையும் வரைபடத்தில் ஒரே மாதிரியாகத் தெரிந்தாலும், பிள்ளைகளைப் பொறுத்தவரை அவை ஒன்றல்ல.

அடர்த்தியைக் கணக்கிடும்போது எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவே தலைகீழாக மாறக்கூடும். 10,000 பேர் ஒரு சதுர கிலோமீட்டரில் வாழும் பகுதியில் 5 கடைகள் இருப்பதாகவும், 2,000 பேர் 4 சதுர கிலோமீட்டரில் பரவி வாழும் பகுதியில் 2 கடைகள் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மக்கள்தொகையால் வகுத்தால் முதல் பகுதியில் 10,000 பேருக்கு 5 கடைகள், இரண்டாவதில் 10. பரப்பளவால் வகுத்தால் முதலாவதில் சதுர கிலோமீட்டருக்கு 5, இரண்டாவதில் அரை. எது அடர்த்தியான பகுதி? நடந்து போய் எட்டக்கூடிய அருகாமை பற்றிய கேள்விக்குப் பரப்பளவுக் கணக்கும், கடைகள் வாடிக்கையாளருக்காகப் போட்டியிட்டு வயதைச் சரிபார்க்காமல் விற்கும் நிலை பற்றிய கேள்விக்கு மக்கள்தொகைக் கணக்கும் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. இரண்டையும் கணக்கிட்டு இரண்டையும் வெளியிடுங்கள். வேண்டிய முடிவைத் தரும் கணக்கை மட்டும் எடுத்துக் காட்டுவது, எதிர்த்தரப்பு விழித்துக்கொண்ட அன்றே உங்கள் அறிக்கையைக் குப்பைக்கு அனுப்பிவிடும்.

கடைக்கும் கைக்கும் நடுவே

ஆய்வின் முக்கியமான பகுதி இதுதான். பெரும்பாலானோர் விட்டுவிடுவதும் இதைத்தான். மேலே சொன்ன உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பு, குடித்ததாகச் சொல்லும் மாணவரிடம் அந்த மது வழக்கமாக எப்படிக் கிடைத்தது என்றும் கேட்கிறது. கடையில் தானே வாங்கியது, வேறொருவரிடம் பணம் கொடுத்து வாங்கச் சொன்னது, நண்பர்கள் தந்தது, குடும்பத்தினர் தந்தது, யாருக்கும் தெரியாமல் எடுத்தது என்று விடைகள் பிரியும். உங்கள் வினாத்தாளில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடமுண்டு என்றால் இதையே கேளுங்கள்.

ஒவ்வொரு விடையும் வேறொரு கதவைக் காட்டுகிறது. தானே வாங்கியதாகப் பலர் சொன்னால், விற்பவர் வயதைச் சரிபார்ப்பதில்லை. வழியில் போகும் பெரியவரிடமோ அண்ணன் வயதுள்ளவரிடமோ பணம் கொடுத்து வாங்குவதாகச் சொன்னால், கடை சட்டப்படி சரியாக நடந்துகொண்டே சிறாருக்கு மது கிடைக்கச் செய்துகொண்டிருக்கிறது; அங்கே விற்பவருக்குப் பயிற்சி அளிப்பதால் பெரிய மாற்றம் வராது. வீட்டிலிருந்து கிடைத்ததாகச் சொன்னால், கடையின் அருகாமை வேறு விதமாக வேலை செய்கிறது: பக்கத்தில் கடை இருப்பதால் பெரியவர்கள் அடிக்கடி வாங்கி வைக்கிறார்கள், வீட்டில் எப்போதும் மது இருக்கிறது, ஒரு பாட்டிலில் கொஞ்சம் குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. 2014-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் கடைகளின் அடர்த்திக்கும் குடிப்பதற்கும் உள்ள தொடர்பு 12 முதல் 14 வயது வரையிலான மாணவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. தாமே கடைக்குப் போக வாய்ப்புக் குறைந்த வயதில் இப்படி ஒரு தொடர்பு வெளிப்படுவதற்கு, வீட்டிலும் சுற்றத்திலும் மது நிறைந்திருப்பதும் குடிப்பது இயல்பான செயலாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதும் இடைக்கண்ணியாக இருக்கக்கூடும்.

வீட்டு வழியைப் பற்றிக் கேட்கும்போது ஒரு நம்பிக்கையைச் சந்திக்க நேரிடும். பெற்றோரே அளவாகக் கொடுத்துப் பழக்கினால் பிள்ளை வெளியே போய்க் கட்டுப்பாடின்றிக் குடிக்காது என்று பலர் மனதார நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1,927 வளரிளம் பருவத்தினரையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரத்தையும் காணவில்லை. பெற்றோர் கொடுத்த பிள்ளைகளுக்கு அதனால் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பதோடு, மறு ஆண்டில் பிறரிடமிருந்தும் மதுவைப் பெறும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதலாகவே இருந்தது. கூட்டங்களில் இதைச் சொல்லும்போது குற்றம் சாட்டும் தொனி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்லெண்ணத்தில் கொடுத்தவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உண்மையும் அவர்களோடு போய்விடும்.

பிள்ளைகளிடம் கேட்கும் முறை

பெயர், வரிசை எண், முகவரி எதுவும் வினாத்தாளில் இருக்கக் கூடாது. பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். பாதியில் நிறுத்திக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பதை வாய்மொழியாகவும் சொல்ல வேண்டும். வகுப்பாசிரியர் தாள்களைத் திரட்டினால் விடைகள் அவருக்காக எழுதப்பட்டவையாக மாறிவிடும் என்பதால், அந்தப் பள்ளியைச் சேராத ஒருவர் ஒட்டப்பட்ட உறைகளில் வாங்கிக்கொள்வது நல்லது. ஐந்தாறு பேர் மட்டுமே கொண்ட குழுவின் முடிவைத் தனியாக வெளியிட வேண்டாம். சிறிய பள்ளியில் ‘எட்டாம் வகுப்பு மாணவியரில் ஒருவர்’ என்று எழுதினாலே யார் என்பது தெரிந்துவிடும். வீட்டில் யாருடைய குடியாலாவது துன்பப்படும் பிள்ளை இந்தக் கேள்விகளால் மனம் கலங்கலாம் என்பதால், யாரை அணுகலாம் என்ற விவரம் அடங்கிய சிறு தாளை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுத்துவிட வேண்டும்.

விடைகள் உண்மைதானா என்ற ஐயம் எழும். பெருமைக்காகக் கூட்டிச் சொல்பவரும் பயத்தால் மறைப்பவரும் இருப்பார்கள். 15, 16 வயது மாணவர்களிடையே ஐரோப்பிய நாடுகளில் 1995 முதல் நடத்தப்பட்டுவரும் பள்ளிக் கணக்கெடுப்பில் இதற்கு ஓர் அழகான உத்தியைக் கையாண்டிருக்கிறார்கள்: உலகத்திலேயே இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரைப் பட்டியலில் சேர்த்து, அதையும் பயன்படுத்தியதாகச் சொல்பவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பது. கற்பனைப் பானம் ஒன்றை நீங்களும் சேர்த்துக்கொள்ளலாம். அதே கணக்கெடுப்பு, மது வேண்டுமென்றால் எவ்வளவு எளிதாகப் பெற முடியும் என்றும் மாணவர்களைக் கேட்கிறது. வரைபடத்தில் உள்ள கடைகளின் எண்ணிக்கையையும் பிள்ளைகள் உணரும் எளிமையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தாத இடங்களில்தான் நீங்கள் அறியாத ஏதோ ஒரு வழி திறந்திருக்கிறது.

ஒரு செயலை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. கடைக்காரர் விற்கிறாரா என்று பார்ப்பதற்காகப் பிள்ளைகளை அனுப்பிவைப்பது சட்டத்துக்கும் அறத்துக்கும் புறம்பானது. சில நாடுகளின் ஆய்வாளர்கள், சட்டப்படி வாங்கும் வயதை எட்டியிருந்தும் பார்வைக்கு இளையவராகத் தெரியும் ஒருவரை அனுப்பி, அவரிடம் வயதுச் சான்று கேட்கப்படுகிறதா என்று மட்டும் சோதிக்கிறார்கள். அதுவும் உரிய அதிகாரிகளின் ஒப்புதலோடு செய்ய வேண்டியது.

எண்களைப் படிப்பதில் வரும் பிழைகள்

கடைகள் நிறைந்த பகுதியில் குடிக்கும் பிள்ளைகளும் அதிகம் என்று தெரியவந்தால் கடைகளே காரணம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ஏற்கெனவே விற்பனை நன்றாக நடக்கும் இடத்தைப் பார்த்துத்தான் கடை திறக்கிறார்கள். இடத்தின் வாடகை, மக்களின் வருவாய், போக்குவரத்து வசதி, இடம்பெயர்ந்து வந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவை கடைகளின் எண்ணிக்கையையும் பிள்ளைகளின் வாழ்க்கையையும் ஒரே நேரத்தில் பாதிக்கலாம். பகுதிக்குப் பொருந்தும் சராசரியைத் தனிப்பட்ட பிள்ளையின் மேல் ஏற்றிச் சொல்வதும் தவறு. மாதிரியின் அளவையும் மறந்துவிடக் கூடாது: 30 பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை விடையை மாற்றி எழுதினால் விழுக்காடு மூன்றுக்கு மேல் நகர்ந்துவிடும்.

காரணத்தை நெருங்குவதற்கு நம்பகமான வழி, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அளப்பது. கடை ஒன்று மூடப்படவோ திறக்கப்படவோ விற்பனை நேரம் மாற்றப்படவோ போகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே ஒரு கணக்கெடுப்பை முடித்துவிடுங்கள்; மாற்றம் நேராத பக்கத்துப் பகுதி ஒன்றையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடுகள் அளவில் இத்தகைய மாற்றங்கள் நிறையக் கற்றுத் தந்திருக்கின்றன. பின்லாந்தில் 1969-இல் நடுத்தர வலிமையுள்ள பீரை மளிகைக் கடைகளிலும் விற்க அனுமதித்த ஒரே ஆண்டில் நாட்டின் மொத்த மது நுகர்வு 46 விழுக்காடு கூடியது. சுவீடன் அதே வகைப் பீரை 1965-இல் மளிகைக் கடைகளுக்குக் கொண்டுவந்து, இளையோரிடம் குடி பரவியதைக் கண்டு 1977-இல் திரும்பப் பெற்றது. அதன்பின் மது தொடர்பாக மருத்துவமனையில் சேர்க்கப்படும் 20 வயதுக்கு உட்பட்டவர்களின் எண்ணிக்கை குறைந்ததைப் பின்னாளைய ஆய்வு காட்டியது. இவை நாடு முழுவதும் ஒரேயடியாக நிகழ்ந்த பெரிய மாற்றங்கள். ஒரு தெருவில் ஒரு கடை குறைவதால் அவ்வளவு விளைவை எதிர்பார்க்க முடியாது, வாங்குபவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவதும் நடக்கும்.

கண்டறிந்ததைப் பயன்படுத்துதல்

மது கிடைப்பதைக் கட்டுப்படுத்துவது பயனுள்ள நடவடிக்கை என்பதில் பொது நிலையில் ஐயமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்த ஐந்து அம்சத் திட்டத்தின் முதல் அம்சமே அதுதான். ஆனால் உங்கள் பகுதியில் எந்தக் கட்டுப்பாடு என்பதை, மது கைக்கு வந்து சேரும் வழியைப் பற்றிய விடைகளிடம் விட்டுவிடுங்கள். நேரடி விற்பனை அதிகமென்றால் உரிம அலுவலகத்திடம் வயதுச் சரிபார்ப்பைக் கேளுங்கள். பெரியவர்கள் வாங்கித் தருவது அதிகமென்றால், சிறாருக்கு வாங்கிக் கொடுப்பது எவ்வகைக் குற்றம் என்பதை உள்ளூர்ச் சட்டப்படி தெரிந்துகொண்டு, கடை வாசலிலேயே அறிவிப்பு வைக்கச் செய்யுங்கள். வீடுதான் முக்கிய வழி என்றால், பூட்டி வைப்பது, அளவைக் குறித்து வைப்பது, விருந்தின்போது பிள்ளைகளைக் கொண்டு பரிமாறச் செய்யாமலிருப்பது போன்ற சிறிய ஏற்பாடுகளைப் பெற்றோர் கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம்.

இந்தப் பொருத்தம் ஏன் அவசியம் என்பதற்கு அமெரிக்காவில் 1990-களில் 15 ஊர்களில் நடந்த சோதனை ஒன்று சான்று. சிறாருக்கு மது கிடைக்கும் வழிகளை மக்களைத் திரட்டி அடைக்க முயன்ற அந்தத் திட்டத்தால் 18 முதல் 20 வயது வரையிலானவர்களிடமும் மதுக்கூடங்களின் நடைமுறையிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. அவர்களைவிட இளைய பிள்ளைகளிடமோ குறிப்பிடத்தக்க விளைவு தெரியவில்லை. பெரிய பிள்ளைகளுக்குப் பயன்பட்ட நடவடிக்கை சிறியவர்களுக்கும் பயன்படும் என்று எண்ணிவிடக் கூடாது; அவர்களுக்கு மது வரும் பாதை வேறாக இருக்கலாம்.

அறிக்கையில் கடைகளின் பெயரைப் போட வேண்டாம். வகை, தூரம், நேரம் ஆகியவை போதும். நடவடிக்கை எடுத்து ஓராண்டு கழிந்ததும், முதலில் கேட்ட அதே மாதத்தில், அதே சொற்களில் அமைந்த அதே வினாத்தாளைக் கொண்டு மீண்டும் கேளுங்கள். விடுமுறையும் பண்டிகையும் நிறைந்த மாதத்தின் விடைகளைத் தேர்வு மாதத்தின் விடைகளோடு ஒப்பிட்டால், நாட்காட்டி செய்த மாற்றத்தை உங்கள் முயற்சியின் பலனாக எழுதிவிட நேரும். மொத்த விழுக்காட்டில் மாற்றம் தெரியாவிட்டாலும், மது கிடைத்த வழிகளின் பங்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வாங்குவது குறைந்து வீட்டில் எடுப்பது கூடியிருந்தால், அடுத்த ஆண்டுக்கான வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.